தலையாட்டினால் நோய் தீராது



"பாஹாம், பாக்சிக்?" என்று கேட்டார் தாதி. "பாஹாம், மிஸி" என்று தலையாட்டினார் என் தகப்பனார். அந்த ஒரு தலையாட்டலுக்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலை இரண்டு கால்விரல்கள்!

என் தகப்பனார் இந்தக் கரங்கான் வட்டாரத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். இனிப்பு நீர் வியாதிக்காரர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வருவார். அன்று எனக்குச் சம்பளக் கணக்கு வேலை. தனியாகத்தான் போனார். "அடுத்த முறை வரும்போது ரத்தம் எடுப்போம். அன்று காலை வெறும் வயிற்றோடு வர வேண்டும். அன்று காலை மாத்திரையும் சாப்பிட வேண்டாம்" என்று தாதி மலாயில் சொன்னார். என் தகப்பனார் காதில் விழுந்தது, "ஜாங்கான் மாக்கான் ஊபாட்" என்பது மட்டுந்தான். ரத்தம் எடுக்கும் வரைக்கும் மாத்திரை வேண்டாமாக்கும் என்று நினைத்துக்கொண்டார். மூன்று மாதம் மாத்திரைப் பொட்டலம் அலமாரியில் அப்படியே கிடந்தது. காலில் முள் குத்திய புண் ஆறவேயில்லை. கறுத்துப்போன பிறகுதான் வீட்டில் சொன்னார்.

யார் மீது குற்றம்? தாதி மீதா? அவர் சொன்னது அத்தனையும் சரி. "புரிந்ததா?" என்றுகூடக் கேட்டார். அவர் முன்னால் நின்ற வரிசையோ வாசல் வரை நீண்டிருந்தது. தகப்பனார் மீதா? அவர் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. என் மீதா? பிறர் வீட்டுக் கணக்கையெல்லாம் எழுதும் கிராணி, தன் வீட்டு மாத்திரைப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. அந்தக் குற்றத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆளைக் கண்டுபிடித்துப் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. அந்தத் தலையாட்டல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்காக எழுதுகிறேன்.

சம்பள நாளில் என் மேசைக்கு முன்னாலும் இதே தலையாட்டல்தான் நடக்கிறது. "சேமநிதிக்கு இவ்வளவு, சொக்சோவுக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது. புரிந்ததா?" என்று கேட்பேன். "சரிங்க, கிராணி ஐயா" என்பார்கள். வெளியே போனதும், "என்னவாம்?" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார்கள். என் காதிலேயே விழுந்திருக்கிறது. பேசுகிறவன் நான், பேசுவது தமிழ். அப்படியிருந்தும் புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆகவே இது பாஷைக் குறை மட்டும் அன்று, பயத்தின் குறையும்கூட.

அந்தப் பயம் பழையது. தோட்டத்துக்குத் தோட்டம் ஆஸ்பத்திரி இருந்த காலத்தில் டிரசர் ஐயா இருந்தார். மலையாளியோ யாழ்ப்பாணத்தாரோ, தமிழ் பேசுவார். வியாதியைத் தமிழிலேயே சொல்லலாம். ஆனால் அவர் நிர்வாகத்தின் ஆள். அவர் சீட்டு எழுதினால்தான் நோயாளி, எழுதாவிட்டால் சோம்பேறி! அப்படிப்பட்டவரிடம் எதிர்க்கேள்வி கேட்பது எப்படி? பிரட்டுக்களத்தில் துரைக்கு ஆட்டிய தலையை அங்கேயும் ஆட்டினோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. டிரசரும் போய்விட்டார். ஆனால் அந்தத் தலையாட்டல் மட்டும் நம்மோடு அரசாங்க ஆஸ்பத்திரி வரைக்கும் வந்திருக்கிறது.

இதனால் நமக்கு வரும் நஷ்டம் சிறியதன்று. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 100-க்கு 31 பேர்! வைத்தியம் பற்றிய செய்திகளைப் புரிந்துகொண்டு நடப்பதில் சிரமப்படுபவர்கள் மூவரில் ஒருவர் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் ஒரு நாள் ஊசியில் தீருகிற வியாதிகளா? இல்லையே! வீட்டில், நம் கையால், நாள்தோறும் செய்துகொள்ள வேண்டிய வைத்தியம் அது. சொன்னது புரியாவிட்டால் மருந்து இருந்தும் இல்லாதது போலத்தான்.

நாம் சொல்வது அவர்களுக்குப் புரிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நெஞ்சு அடைத்தால், "வாய்வு பிடிச்சிருக்கு" என்கிறோம். அது மலாயில் "ஆங்கின்" ஆகிறது. டாக்டர் வயிற்றுக் காற்றுக்கு மருந்து எழுதினால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? தலை சுற்றினாலும் நமக்கு மயக்கம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம். டாக்டருக்கோ இரண்டும் வேறு வேறு. எங்கே வலி, எப்போது தொடங்கியது, நடந்தால் கூடுகிறதா, வியர்க்கிறதா என்று விவரமாகச் சொன்னால் உயிர் பிழைக்கும்.

விவரமாகச் சொல்ல நேரம் கொடுக்கிறார்களா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 1984-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரி 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டார் என்று கண்டது. ஒரே பாஷை பேசும் டாக்டரும் நோயாளியும் அதிகமாக உள்ள நாட்டிலேயே இந்தக் கதி! கூட்டம் நெரியும் நம் ஆஸ்பத்திரிகளில் இளம் டாக்டர்கள் படும் பாட்டை நாம் அறிவோம். ஒரு வெள்ளிக் கட்டணத்தில் வைத்தியம் பார்க்கும் ஏற்பாட்டை நாம் குறை கூறவில்லை. அதைக் காப்பாற்றவே பேசுகிறோம்.

நோயாளிக்கு விளக்கிச் சொல்வது வைத்தியர் காட்டும் தயவு அன்று, கடமை. 1982-இல் கார் விபத்தில் கழுத்தெலும்பு பிசகிய ஒரு பெண்மணி அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உடல் முடங்கிப் போனார். அவர் தொடுத்த வழக்கு 2006 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றத்தில் முடிந்தது. சிகிச்சையின் ஆபத்தை நோயாளிக்கு எவ்வளவு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதை வைத்தியர்களின் வழக்கத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, நீதிமன்றமே அதைத் தீர்மானிக்கும் என்று அங்கே தீர்ப்பாயிற்று. இருபத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்து அந்த அம்மையார் பெற்றுத் தந்த உரிமை இது. நாமோ கேள்வி கேட்கக் கூசி அதை வீணாக்குகிறோம்!

சரி, செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, டாக்டர்களுக்கும் தாதியருக்கும் ஒரு வேண்டுகோள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். அதற்கு எங்கள் ஜனங்களிடம் ஒரே பதில்தான் உண்டு. "வீட்டுக்குப் போய் இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேளுங்கள். திருப்பிச் சொல்லச் சொல்வது பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் கையாளப்படும் முறைதான். என் தகப்பனாரை அப்படிக் கேட்டிருந்தால் அவர் தவறாகப் புரிந்துகொண்டது அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும். அரை நிமிஷ வேலை!

இரண்டாவது, நமக்கு. கேளாவிட்டாலும் நாமே திருப்பிச் சொல்வோம். பொட்டலத்தில் "செபெலும் மாக்கான்" என்றிருந்தால் சாப்பாட்டுக்கு முன், "செலெபாஸ் மாக்கான்" என்றிருந்தால் சாப்பாட்டுக்குப் பின். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குக் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் பொட்டலத்தில் வரைந்து கொடுக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பள்ளிக்கூடத்துப் பிள்ளையை மொழிபெயர்ப்புக்கு அழைத்துப் போகாதீர்கள். பத்து வயது மகனை வைத்துக்கொண்டு ஒரு தாய் தன் கர்ப்பப்பை நோயைச் சொல்வாளா? பிள்ளைக்கும் அது தாங்குகிற பாரமா?

நான்காவது, நம் சங்கத்துக்கு. வள்ளுவர் மருந்து பற்றிய அதிகாரத்தில், நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்திலிருந்து மருந்து கொடுப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே வைத்தியம் என்கிறார். முதல் மூன்றும் ஆஸ்பத்திரியில் இருக்கின்றன. நான்காமவரைத்தான் காணோம். ஒவ்வொரு கிளையும் மலாயும் தமிழும் நன்கு தெரிந்த இரண்டு பேரை, அதில் ஒருவர் பெண்ணாக, இதற்கென்று நியமிக்கட்டும். துணையில்லாத முதியவர்களோடு அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் வரட்டும். கேட்ட ரகசியத்தைத் தோட்டத்தில் சொல்லக்கூடாது என்பது முதல் விதியாக இருக்கட்டும். அன்றைய கூலியைச் சங்கம் ஈடு செய்யட்டும். இந்தக் கோரிக்கையை அடுத்த கிளைக் கூட்டத்தில் நான் எழுப்பப் போகிறேன். ஆதரிப்பீர்களா?

நம் தோட்டங்களில் இன்று வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் வேலை செய்கிறார்கள். பாஷை தெரியாமல், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் அவர்களைப் பார்க்கையில் கப்பலேறி வந்த நம் தாத்தாக்களின் நினைவு வருகிறது. நம் ஆள் துணைக்குப் போகும்போது அவர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்லி உதவட்டும். தொழிலாளிக்குத் தொழிலாளி அந்நியன் அல்லன்.

என் தகப்பனார் இப்போது நொண்டித்தான் நடக்கிறார். போன வாரம் நான் உடன் போயிருந்தேன். தாதி "பாஹாம்?" என்று கேட்டார். தகப்பனார் என் முகத்தைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. பிறகு தாதியைப் பார்த்து, "பெலும் பாஹாம், மிஸி. இன்னொரு தரம் சொல்லும்மா" என்றார். தாதி கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டே உட்காரச் சொல்லி, மெதுவாக மறுபடியும் சொன்னார்.

எழுபது வயதில் அவர் கற்றுக்கொண்டார். நாம் இப்போதே கற்றுக்கொள்வோம்!

— ஒரு தோட்டக் கிராணி, கரங்கான்