தண்டவாளத்துக்கு உள்ள மரியாதை தூணுக்கு இல்லையா?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

சந்தையில் மண்பானை வாங்கும் எந்தத் தாயும் அதைக் கண்ணால் மட்டும் பார்த்து வாங்குவதில்லை. விரலை மடக்கிச் சுண்டிப் பார்க்கிறாள். 'ணங்' என்றால் காசை எடுக்கிறாள். 'டப்' என்றால் கீழே வைத்துவிடுகிறாள். பானையை உடைக்காமலே அதன் உள்விரிசலைக் கண்டுகொள்ளும் இந்த வித்தையைத்தான் பொறியியலார் 'சிதைவிலாச் சோதனை' என்கின்றனர். ஒரு பானைக்குக் கிடைக்கும் இந்தக் கவனம், நூற்றுக்கணக்கானோர் அமர்ந்து படிக்கும் கட்டடத்துக்குக் கிடைக்கிறதா என்பதே என் கேள்வி.

ரயிலுக்குக் காத்திருந்த தோழர்கள் சிலர் இந்தக் காட்சியைக் கண்டிருக்கலாம். ஊழியர் சிலர் தண்டவாளத்தின் மேல் ஒரு சிறு வண்டியை நடந்தபடியே தள்ளிச் செல்வர். வண்டியில் ஒரு தண்ணீர்க் கலமும் ஒரு சிறு திரையும் இருக்கும். அது மீயொலிச் சோதனை வண்டி. வினாடிக்கு இருபது லட்சமும் அதற்கு மேலும் அதிர்கின்ற ஒலி உருக்குக்குள் செலுத்தப்படுகிறது. வழியில் விரிசல் இருந்தால் எதிரொலி முன்னதாகவே திரும்பித் திரையில் ஒரு முள்ளாக எழுகிறது. தண்ணீர் எதற்கு? இடையே இம்மியளவு காற்று இருந்தாலும் ஒலி உலோகத்துக்குள் நுழையாது திரும்பிவிடும். அந்த இடைவெளியைத் தண்ணீர் அடைக்கிறது. நேராக ஓர் அலையும், 70 பாகை சாய்வில் வேறோர் அலையும் அனுப்புகிறார்கள். கிடையாக ஓடும் விரிசலும் குறுக்கே ஓடும் விரிசலும் ஒரே அலையில் அகப்படுவதில்லை அன்றோ!

அந்த வண்டியைவிட எனக்கு வியப்பளிப்பது அதன் பின்னால் இருக்கும் ஒழுங்குதான். அந்தத் தடத்தில் எவ்வளவு டன் பாரம் ஓடியிருக்கிறது என்று கணக்கிட்டு, அதற்கேற்ப அடுத்த சோதனை வருகிறது. பழுதான இடத்தை 'உடனே மாற்ற வேண்டியது', 'கண்காணிக்க வேண்டியது' என்று பிரித்துக் குறிக்கிறார்கள். எவரேனும் செத்த பிறகுதான் சோதனை என்ற நிலை அங்கே இல்லை.

கட்டடத்துக்கு வருவோம். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மாணவர் மூவர் மாண்டனர். அதன் பின்னர் மாநிலமெங்கும் பள்ளிக் கட்டடங்கள் பார்வையிடப்பட்டன; பழுதடைந்தவை இடிக்கப்பட்டன. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் மூன்று உயிர்கள் போன பிறகு வந்த காரியம் அது. கண் பார்வை எவ்வளவு ஆழம் போகும்? நான் கொத்தனார் வீட்டுப் பிள்ளை. கொத்துக்கரண்டியின் பிடியால் சுவரைத் தட்டிப் பூச்சு விட்டுப்போன இடத்தைச் சொல்வதில் என் தந்தை கெட்டிக்காரர். ஆனால் அவர் காதும் பூச்சுக்கு அடியில் ஓரிரு விரற்கடையோடு நின்றுவிடும். தூணின் நடுவே கலவை சேராமல் விட்ட பொந்து அவருக்கும் கேட்காது.

அதைக் கேட்கும் கருவிகள் கைப்பெட்டியில் அடங்குகின்றன. தூணின் இருபுறமும் இரண்டு உணர்விகளை வைத்து, 54,000 அதிர்வுள்ள ஒலித்துடிப்பை ஒருபுறமிருந்து மறுபுறம் அனுப்புகிறார்கள். 30 சென்டிமீட்டர் தடித்த தூணை அது 75 மைக்ரோ வினாடியில் கடந்தால் வேகம் வினாடிக்கு 4,000 மீட்டர். கான்கிரீட் நன்றாகவே இருக்கிறது. 100 மைக்ரோ வினாடி ஆனால் வேகம் 3,000 மீட்டர்; ஒலி எதையோ சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது, ஐயப்பட வேண்டியதுதான். நாம் பள்ளியில் போட்ட தூரம்-காலக் கணக்கைத் தவிர இதில் வேறென்ன இருக்கிறது? சுவர்மேல் சிறு வண்டிபோல் உருட்டிச் செல்லும் ரேடார் கருவி உள்ளே கம்பி எங்கெங்கே ஓடுகிறது என்று படம் வரைகிறது. செம்பு-செம்பு சல்பேட் மின்முனையை வைத்துக் கம்பியின் மின்னழுத்தத்தை அளந்தால், அது கழித்தல் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போகும் இடத்தில் துரு பிடித்துக்கொண்டிருக்கப் பெரும்பாலும் வாய்ப்புண்டு. இது வேதியியல் தோழர்களின் பாடம்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒலித்துடிப்புச் சோதனைக்கு 1992-ஆம் ஆண்டிலேயே விதிமுறை வெளியிட்டது. 2018-இல் அதைப் புதுப்பித்தது. எப்படி அளப்பது என்று அது சொல்லும். எப்போது அளந்தே தீரவேண்டும் என்று சொல்வது அதன் வேலையன்று. குறை அங்கேதான் இருக்கிறது. இத்தாலியில், ஜெனோவா நகரில், 1967-இல் திறக்கப்பட்ட மொராண்டி பாலம் 2018 ஆகஸ்ட் 14 அன்று இடிந்து 43 பேர் இறந்தனர். அதன் தாங்குவடங்கள் கான்கிரீட் உறைக்குள் மூடப்பட்டிருந்தன. காக்க வந்த உறையே துருவை மறைத்தது. ஒரு கோபுரத்தின் வடங்களை 1990-களில் வெளிப்புறக் கம்பிகளால் வலுப்படுத்தினார்கள். விழுந்தது, அவ்வாறு வலுப்படுத்தப்படாத வேறொரு கோபுரம். இத்தாலியில் கருவிக்கா பஞ்சம்?

கருவியைத் தெய்வமாக்கச் சொல்லவில்லை. ஒலியின் பாதையில் இரும்புக்கம்பி படுத்திருந்தால் வேகம் கூடுதலாகக் காட்டும். ஈரமான கான்கிரீட்டிலும் அப்படியே. மழைக்காலத்தில் நோயாளித் தூண் நல்ல தூணாக வேடம் போடும். ரேடாருக்கோ ஈரம் ஆகாது. வண்ணப்படம் ஒன்றை அச்சிட்டுக் கோப்பில் வைத்துவிட்டால் அது புதுமாதிரிச் சுண்ணாம்புப் பூச்சாகிவிடும். ஆகவே ஓர் அளவு போதாது, முந்தைய அளவோடு ஒப்பிட வேண்டும். அதற்குக் கட்டடம் திறக்கும் நாளிலேயே முதல் அளவு எடுத்திருக்க வேண்டும். நம் கட்டடங்களின் கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர் இருக்கிறது, தலைமை தாங்கியவர் பெயர் இருக்கிறது, முன்னிலை வகித்தவர் பெயரும் இருக்கிறது. தூணில் ஒலி என்ன வேகத்தில் சென்றது என்பது மட்டும் எங்கும் இல்லை.

பணம் எங்கே என்பார்கள். வகுப்புக்கு வகுப்பு ஒன்று வாங்கச் சொல்லவில்லை. மாவட்டத்துக்கு ஒரு பெட்டி, அது ஊர் ஊராகச் சுற்றட்டும். ஆள் எங்கே என்பார்கள். பி.எஸ்ஸி. படித்து என்ன செய்யப்போகிறாய் என்று எங்கள் தெருவில் என்னை வாரம் ஒருமுறையாவது கேட்கிறார்கள். முடிவு சொல்வது பொறியாளர் பணி. துடிப்பை அனுப்பி எண்ணைப் பிழையின்றிக் குறிக்க, பயிற்சி தந்தால் எங்களால் முடியும்.

நம் கல்லூரியின் பழைய கட்டடத்திலிருந்தே தொடங்கலாம். அருகிலுள்ள பொறியியல் கல்லூரி ஒன்றில் கருவியைச் சில நாட்களுக்குக் கேட்டுப் பெற்று, தரைத்தளத் தூண்களை அளந்து, அளவுகளைத் தேதியிட்டு நூலக வாயிலில் ஒட்டலாம். அடுத்த ஆண்டு மாணவர் அதே இடத்தில் மீண்டும் அளக்கட்டும். துறைத் தலைவர் இசைந்தால், தூண்களுக்கு எண் எழுதும் வேலையை எங்கள் வகுப்பு இந்த விடுமுறையிலேயே முடித்துத் தரும்.