மிஞ்சிய துண்டுகள்



ஐயாயிரம் பேர் வயிறார உண்டு முடித்தபின், மிஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி அவற்றைச் சேர்த்து வைக்குமாறு நம் ஆண்டவர் சீடரைப் பணித்தார் என யோவான் நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஐந்து அப்பங்களைப் பலுகச் செய்ய வல்லவருக்கு மிச்சத்தைப் பற்றிய கவலை ஏன்? வேண்டும்போது மீண்டும் ஒரு முறை பலுகச் செய்யலாமே! ஆயினும் அவர் அவ்வாறு எண்ணவில்லை. பன்னிரண்டு கூடைகள் நிரம்பின. தாராளமாகக் கொடுத்தவரே கருத்தோடு சேர்த்தும் வைத்தார் என்பது நம் சிந்தனைக்கு உரியது.

இந்த நற்செய்திப் பகுதியை நினைவூட்டும் வழக்கம் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உண்டு. நம் பங்குக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று அந்நாட்டில் வாழ்வதால் அதைப் பற்றி எழுதுவது பயன்தரும் எனக் கருதுகிறோம். அங்குள்ள பொது நூலகங்கள் நூல்களோடு இசைக் குறுந்தகடுகளையும் இரவல் தருகின்றன. அடுக்குகளில் இடம் போதாதபோதும், கேட்பாரின்றிக் கிடக்கும்போதும் நூலகத்தார் சிலவற்றைக் கழித்துவிடுவர். ‘நூலக நண்பர்கள்’ என்னும் தொண்டர் குழுவினர் அவற்றையும், இல்லங்களிலிருந்து நன்கொடையாக வருபவற்றையும் நீண்ட மேசைகளில் பரப்பி விற்பனை செய்கின்றனர். ஒரு குறுந்தகட்டின் விலை பல ஊர்களில் ஒரு டாலர். சில இடங்களில் 50 சென்ட். இறுதி நாளில் பைக்கு இவ்வளவு என்று விலை வைத்து, பை கொண்ட மட்டும் நிரப்பிக்கொள்ள விடுவதும் உண்டு. சேரும் பணம் சிறுவருக்கான வாசிப்பு நிகழ்ச்சிகளுக்கும் புதிய நூல்களுக்கும் செலவாகிறது.

இத்தனை மலிவு எப்படி வந்தது? குறுந்தகடு விற்பனைக்கு வந்தது 1982-ஆம் ஆண்டில். 12 சென்டிமீட்டர் அகலமே உள்ள அந்தத் தகட்டில் ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட இசை அடங்கியது கண்டு உலகம் வியந்தது. அமெரிக்காவில் அதன் விற்பனை 2000-ஆம் ஆண்டில் உச்சத்தைத் தொட்டு, 90 கோடியையும் கடந்தது. பின்னர் இசை கணினி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் வீடு தேடி வரலாயிற்று. தகடுகளை ஓட்டும் கருவிகளே பல வீடுகளில் இல்லாமற்போயின. அன்று 15 டாலர் கொடுத்து வாங்கியது இன்று ஒரு டாலருக்குக் கிடைக்கிறது.

விலை குறைந்தது உண்மை. மதிப்பும் குறைந்ததா?

ஸ்பெயின் நாட்டுச் சீலோஸ் மடத்தின் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் பாடிய கிரகோரியன் பாடல்கள் 1994-இல் அமெரிக்காவில் தகடாக வெளிவந்து, பல இலட்சக்கணக்கில் விற்றன. கோவில் வாசலை மிதியாதவர்களும் அதை வாங்கிக் கேட்டனர். இத்தகைய இசை மரபை விலைமதிப்பற்ற கருவூலம் என 1963-இல் இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் போற்றியது. அன்று இலட்சக்கணக்கான வீடுகளுக்குச் சென்ற அத்தகடு இன்று இவ்விற்பனை மேசைகளுக்கும் வந்து சேர்கிறது.

போலந்து நாட்டுக் கத்தோலிக்க இசையமைப்பாளர் ஹென்றிக் குரெட்ஸ்கி 1976-இல் இயற்றிய மூன்றாம் சிம்பொனி இன்னொன்று. ‘துயரப் பாடல்களின் சிம்பொனி’ என்பது அதன் பெயர். ஸாகோபானே என்னும் ஊரில் நாசிக் காவல் துறையான கெஸ்டாப்போவின் சிறையில் அடைபட்டிருந்த பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, 1944-இல் அறைச் சுவரில் கீறி வைத்த சொற்கள் அதன் நடுப்பகுதியில் பாடப்படுகின்றன. தன்னைச் சிறையில் அடைத்தவர்களை அவள் சபிக்கவில்லை. தன் தாய் அழாதிருக்க வேண்டும் என்று எண்ணி, மரியன்னையின் துணையை நாடுகிறாள். 1992-இல் வெளிவந்த அதன் பதிவு ஒன்று பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. அச்செபம் அடங்கிய தகடும் ஒரு டாலர் விலையில் கிடைக்கக்கூடும். அவ்விலை அந்தப் பெண்ணின் கண்ணீருக்கு இடப்பட்டதன்று. நம் கவனக் குறைவுக்கு இடப்பட்டது என்றே சொல்லத் தோன்றுகிறது.

இனி, வாங்கச் செல்வோருக்குச் சில சொற்கள். பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பது வெளியே எழுதியிருக்கும் தகடுதானா என்று முதலில் பாருங்கள். பிறகு தகட்டை வெளிச்சத்தில் பிடித்து நோக்குங்கள். மையத்திலிருந்து விளிம்பு நோக்கிச் செல்லும் மெல்லிய கீறல்களால் பெரும்பாலும் தீங்கில்லை. தடத்தை ஒட்டி வட்டமாக ஓடும் கீறலே ஆபத்தானது. எழுத்துள்ள மேற்புறத்தைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். இசையைத் தாங்கும் படலம் அந்தப் பக்கத்தை ஒட்டியே இருப்பதால், அங்கு ஏற்பட்ட ஆழமான காயத்துக்கு மருந்தில்லை. துடைக்கும்போது மையத்திலிருந்து வெளிப்புறமாக நேராகத் துடைக்க வேண்டும். சுற்றிச் சுற்றித் துடைக்கலாகாது.

சிறு கீறல் இருந்தும் இசை தடைப்படாமல் வருவது எப்படி? ஒரு கணத்துக்குரிய இசைக் குறிப்பு முழுவதும் ஒரே இடத்தில் எழுதப்படுவதில்லை. தடத்தில் பல இடங்களில் பிரித்து எழுதப்பட்டு, பிழை திருத்தும் குறிப்புகளும் கூடவே சேர்க்கப்பட்டுள்ளன. ஓரிடத்தில் இழந்ததை மற்ற இடங்களில் உள்ளவை ஈடுசெய்கின்றன. நல்ல குடும்பமும் அப்படித்தான் அன்றோ?

மலிவு நம்மைச் சோதிக்கவும் செய்கிறது. முதற்சோதனை பேராசை. கேட்க நேரமில்லாதவன் பை நிறையத் தகடுகளை அள்ளிச் செல்வதால் என்ன பயன்? நூலகத்தில் தூங்கியவை இனி அவன் வீட்டு அலமாரியில் தூங்கும். ஆண்டவர் துண்டுகளைச் சேர்க்கச் சொன்னது அவை கெட்டுப்போவதற்காக அன்று.

இரண்டாவது சோதனை நேர்மை பற்றியது. முறையாக வாங்கிய பொருளை வாங்கியவர் பிறருக்கு விற்கவோ கொடுக்கவோ உரிமையுண்டு என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-இலேயே ஒரு நூல் பற்றிய வழக்கில் ஏற்றுக்கொண்டது. 1976-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் அதை உறுதிசெய்தது. எனவே பழைய தகட்டை வாங்குவதில் குற்றமேதும் இல்லை. ஆனால் தகட்டைக் கணினியில் நகலெடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தை விற்றுக் காசாக்குவது தகுமா? ஒன்றுக்கு உரிய விலையைக் கொடுத்து இரண்டாக்கிக்கொள்வது ஏழாம் கட்டளையை எண்ணிப் பார்க்கும் மனச்சான்றுக்கு ஒவ்வாது. மேலும், பழைய தகட்டின் விற்பனையில் பாடியவருக்கு ஒரு காசும் போய்ச் சேர்வதில்லை. மலிவில் மகிழ்கிறவர்கள், இன்று உழைத்துக்கொண்டிருக்கும் கலைஞர் ஒருவரின் புதிய படைப்பையும் அவ்வப்போது முழு விலை கொடுத்து வாங்குவது நீதியாகும்.

தகட்டுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மாதக் கட்டணம் செலுத்திக் கைப்பேசியில் கேட்கும் இசை வாடகை வீடு போன்றது. கட்டணம் நின்றால் அதுவும் நின்றுவிடும். அதை மகளுக்குச் சீதனமாகத் தரவோ, நோயுற்ற அயலாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கவோ இயலாது. தகட்டையோ கையிலிருந்து கைக்கு மாற்றலாம். கொடுக்கக்கூடிய பொருளாக இருப்பதே அதன் பெருமை.

நம் ஊர்களிலும் பழைய பக்திப் பாடல் ஒலிநாடாக்களும் தகடுகளும் எத்தனையோ வீடுகளில் பெட்டிக்குள் முடங்கிக் கிடக்கின்றன. அவற்றைத் தூக்கி எறியாதீர்கள். பங்கு நூலகத்துக்கு ஓர் அலமாரியும் ஒரு கருவியும் கிடைத்தால், முதியோரும் இளைஞரும் அமர்ந்து கேட்கும் இடமாக அது மாறும். அதுவரை, உங்களிடம் உள்ள ஒரு தகட்டையோ ஒலிநாடாவையோ எடுங்கள். இரவுச் செபமாலை முடிந்ததும் தொலைக்காட்சியை மூடிவிட்டு, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து அரைமணி நேரம் கேளுங்கள். பின்னர் அதை அடுத்த வீட்டாருக்குக் கொடுங்கள்.