மெழுகை மட்டும் விற்கும் மேடை

பண்பாடு என்பது இரவு எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடிந்துவிடும் ஒன்றா? 2023இல் அடிஸ் அபாபாவின் பாரம்பரிய உணவகம் ஒன்றில் அமர்ந்திருந்தபோது என்னுள் எழுந்த வினா இது. உணவகத்தின் பெயர் இங்கு அவசியமில்லை. அதைப் போன்றவை அந்நகரில் பல உண்டு. உல்லாசப் பயணிகளும் மாநாடுகளுக்கு வருவோரும் ஓரிரவேனும் அங்கு அழைத்துச் செல்லப்படுவது வழக்கம்.

உணவில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குரக்கனிலும் சிறிய தெஃப் என்னும் தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் சுடும் இன்ஜெரா, நமது தோசைக்குத் தூரத்து உறவு. மெசோப் என்னும் கூடைமேசையின் மேல் அதனை விரித்து, அதன் மீதே கறிகளைப் பரிமாறுகின்றனர். அன்று புதன்கிழமை. எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபையினர் புதனும் வெள்ளியும் ஊன், பால், முட்டை தவிர்ப்பர். ஆகவே பருப்பும் கீரையும் கடலைமாக் குழம்புமாகத் தட்டு நிறைந்திருந்தது. அந்நாட்டு ஊடகவியலாளரான என் நண்பர் ஒரு கவளத்தைச் சுருட்டி என் வாயில் ஊட்டினார். இதனைக் குர்ஷா என்பர். அன்பின் அடையாளம், மறுத்தலாகாது.

பின்னர் ஆட்டம் தொடங்கிற்று. தோள்களைக் குலுக்கும் எஸ்கிஸ்தா, வேகம் மிகுந்த குராகே நடனம், இடையசைக்கும் வொலைட்டா நடனம், முரசொலிக்கு வட்டமாக அடிவைக்கும் திக்ராய் நடனம் என அறிவிப்பாளர் ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். எண்பதுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் வாழும் நாட்டை, எட்டுப் பேர் உடைமாற்றி உடைமாற்றி இரண்டு மணி நேரத்தில் ஆடி முடித்தனர்.

திக்ராய் நடனம் வந்தபோது நண்பரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "என் அக்கா மெக்கெல்லேயில் இருக்கிறார். போரின்போது ஓராண்டுக்கு மேலாக அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே எனக்குத் தெரியாது. தொலைபேசித் தொடர்பைத் துண்டித்திருந்தார்கள். அந்த நாட்களிலும் இங்கே இதே நடனம் ஆடினார்கள், இதேபோலக் கைதட்டினார்கள்" என்றார். 2020 நவம்பரில் தொடங்கி, 2022 நவம்பர் 2ஆம் திகதி பிரிட்டோரியாவில் ஒப்பமிட்ட உடன்படிக்கையோடு ஓய்ந்த போர் அது.

ஆடியவர்களை நான் குறை கூறவில்லை. அவர்கள் உழைப்பாளிகள். என் வழக்கு அந்த மேடையை அமைத்தவர்களோடு மட்டுமே. அங்கே உடை இருந்தது, அசைவு இருந்தது, மசின்கோ என்னும் ஒற்றைத் தந்தி வாத்தியமும் இருந்தது. சொல் மட்டும் இல்லை.

மசின்கோவைக் கையில் ஏந்துபவர் அஸ்மாரி. பாடுவதே அவர் தொழில். எதிரே இருப்பவரைப் பார்த்த மாத்திரத்தில் பாட்டுக்கட்டிப் புகழ்வார். மறுகணமே எள்ளி நகையாடுவார். நமது காளமேகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அம்ஹாரிக் மொழியின் சிலேடை மரபுக்கு 'மெழுகும் பொன்னும்' என்று பெயர். பொற்கொல்லன் மெழுகில் உருவமைத்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய இடத்தில் பொன்னை வார்ப்பது போல, வெளிப்பொருள் மெழுகு, உட்பொருள் பொன். அதிகாரத்தில் இருப்போரைப் பற்றிப் பேச அந்த மக்கள் கண்டுகொண்ட வழி இது.

இதன் வலிமையை அந்நியர் அறிந்திருந்தனர். 1937 பெப்ரவரியில் இத்தாலிய ஆளுநர் கிராட்சியானி மீது கைக்குண்டு வீசப்பட்ட பின்னர், குறிசொல்வோரையும் கதைப்பாடகரையும் பிடித்துச் சுடும்படி உத்தரவு பிறந்தது. பாட்டு வெறும் அலங்காரமாயின் பாடகனைச் சுடுவானேன்? அண்மைக் காலத்துக்கு வருவோம். ஹச்சாலு ஹுண்டேசா அஸ்மாரி அல்லர். ஒரோமோ மக்களின் உரிமைகளைப் பாடியவர். 2020 ஜூன் 29ஆம் திகதி இதே அடிஸ் அபாபாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தொடர்ந்த கலவரங்களில் பலர் மாண்டனர்; நாடெங்கும் இணையம் துண்டிக்கப்பட்டது. சொல்லுக்கு இத்தனை விலை கொடுத்த நாட்டில், சொல்லை நீக்கிவிட்டு எஞ்சியதைப் 'பண்பாடு' என்று விற்பது எவ்வகையில் நேர்மை?

பயணிகளுக்கு மொழி புரியாதே, கலைஞர்களுக்குச் சோறாவது கிடைக்கிறதே என்பார்கள். சோறு கிடைப்பது நல்லதே. ஆனால் ஆங்கிலத்தில் நடனத்தின் பெயரை அறிவிக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு பாட்டின் பொருளை அறிவிக்கத் தெரியாதா? செய்தித் தணிக்கைக் காலத்தில் இலங்கையில் பத்திரிகை நடத்தியவன் நான். வரிகளுக்கு இடையில் எழுதிப் பழகியவன். மெழுகை மட்டும் வைத்துக்கொண்டு பொன்னை அகற்றுகிறவன் யார் என்பதை எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேடை ஓய்ந்ததும் நண்பர் என்னைக் கசான்சிஸ் பகுதியில் இருந்த சிறியதோர் அஸ்மாரி இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். மேடை கிடையாது, தேன் மது உண்டு. பாடகர் என் வழுக்கைத் தலையைப் பாடினார். எல்லோரும் சிரித்தனர், பொருள் கேட்டு நானும் சிரித்தேன். அடுத்த பாட்டுக்குச் சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. அதனை மட்டும் மொழிபெயர்க்க நண்பர் மறுத்துவிட்டார். "அது உங்களைப் பற்றியது அல்ல, மேலே இருப்பவர்களைப் பற்றியது" என்றார் தணிந்த குரலில்.

2024இல் வீதி விரிவாக்கத் திட்டத்துக்காகக் கசான்சிஸின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. அந்த இல்லமும் போய்விட்டது என்று நண்பர் எழுதியிருந்தார். எட்டு மணி ஆட்டம் நடக்கும் உணவகமோ நலமாக இருக்கின்றதாம்.