கல்லோடு வந்த விருந்து

பெல்மதுளையில் கல்லைப் பார்க்கத் தெரியாதவர் குறைவு. குழியிலிருந்து அள்ளிய மண்ணைக் கூடையிலிட்டு நீரில் அலசி, எஞ்சிய கற்களுள் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அது நீலமா வெறுங்கல்லா என்று சொல்லும் கண் இவ்வூரில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து வந்திருக்கிறது. அத்தகைய ஊரில், கடற்காற்றே எட்டாத மலைச் சரிவில், சென்ற ஆண்டு ஒரு கல் என்னை வியப்பில் ஆழ்த்தியது. அது இரத்தினக்கல் அன்று, முருகைக்கல்.

என் நண்பர் ஓர் ஆசிரியர். தம் வீட்டு முன்கூடத்தில் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்திருக்கிறார். மீன்கள் ஒளிந்து விளையாட வேண்டுமென்று கொழும்பிலிருந்து ஒரு கல்லை வாங்கி வந்து அதில் இட்டார். மூன்று மாதங்கள் கழிந்தன. கல்லின் மேல் இரண்டு புதிய உயிர்கள் தோன்றின. ஒன்று, நகக்கண் அளவான மங்கிய பச்சைப் புள்ளி. மற்றொன்று, மெல்லிய தண்டின் மேல் நீண்ட விரல்களை விரித்து அசைந்தாடும் பழுப்பு நிறப் பூ.

“அழையாமல் வந்தவை, இரண்டையும் சுரண்டி எறிந்துவிடுவோம்” என்றார் நண்பர். “பூ அழகாக இருக்கிறதே, அந்தப் புள்ளியை மட்டும் சுரண்டுங்கள்” என்றார் அவருடைய மனைவியார். ஒருவர் வந்த வழியைப் பார்த்தார். மற்றவர் அழகைப் பார்த்தார். உயிரைப் பார்த்தவர் அதுவரை எவருமில்லை.

சில நாள் பொறுக்குமாறு கேட்டுக்கொண்டேன். இரத்தின வணிகர் கையாளும், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியை இரவல் வாங்கினோம். தொட்டியின் முகப்பருகே கல்லை நகர்த்தி, அக்கண்ணாடி வழியே நோக்கினால் அந்தப் பச்சைப் புள்ளி ஒரு சிறு சுண்ணாம்புக் கிண்ணம்! விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய சுவர்கள் ஓடின. இரவில் செந்நிற விளக்கொளியில் பார்த்தபோது, கிண்ணத்திலிருந்து நுண்ணிய உணர்விரல்கள் எழுந்து நின்றன. அவை ஆறாறாகப் பெருகும் வரிசையில் அமைந்திருந்தன. அது கல்லாக வளரும் பவளம் என்பதில் ஐயமில்லை. ஓரங்களில் இறகுபோல் கிளைத்த எட்டு விரல்கள் இருந்திருந்தால் அதை மென்பவள இனமென்று கொண்டிருப்போம்.

பூவுக்கோ கிண்ணமும் இல்லை, எலும்பும் இல்லை. குச்சியால் தொட்டவுடன் கண்ணிமைப்பதற்குள் துளைக்குள் மறைந்தது. அது ‘அய்ப்டேசியா’ என்னும் கடற்சாமந்தி. அதன் அடியிலிருந்து பிய்ந்த சிறு துணுக்கும் புதிய உயிராக முளைக்கும். அண்டையில் உள்ளவற்றைக் கொட்டித் துன்புறுத்தும். ஆகவே நண்பர் கத்தியை எடுத்திருந்தால் காக்கத் தக்கது மடிந்திருக்கும். நீக்கத் தக்கது பத்தாகப் பெருகியிருக்கும்! கெட்டியாகக் கரைத்த தூய சுண்ணாம்பு நீரைச் சிறிதளவு ஊசிக்குழலால் அதன் வாயில் செலுத்தி அதனை அடக்கினோம்.

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பொத்தான் வடிவில், விளிம்பில் குறுவிரல்கள் இரு வரிசையாக நிற்கக் கூட்டமாக வளரும் ‘சோவாந்து’ உயிர்கள் சிலவற்றில் ‘பாலிடாக்சின்’ என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. ஹவாய்த் தீவில் கிடைத்த அத்தகைய உயிரிலிருந்து அறிவியலார் அதைப் பிரித்தெடுத்த செய்தி 1971இல் வெளியாயிற்று. கல்லைத் தூய்மையாக்கக் கருதிக் கொதிநீரில் இடுவோர் அந்த ஆவியை மூச்சில் இழுத்து நோயுற நேர்ந்ததுண்டு. அறியாத கல்லை வெறுங்கையால் தொடலாகாது, ஒருபோதும் வேகவைக்கலாகாது.

பவளத்தைப் பேணுவது பெருஞ்செலவன்று, பெருங்கவனம். அதன் உடலுள் நுண்பாசிகள் வாழ்ந்து உணவு சமைத்துத் தருகின்றன. ஆகவே ஒளி வேண்டும், அதுவும் சிறிது சிறிதாகக் கூட்டப்பட வேண்டும். வெப்பம் 25 முதல் 27 பாகை. உப்பு, லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம். நீர் ஆவியாகலாம், உப்பு ஆவியாகாது. எனவே குறைந்த அளவை உப்பற்ற தூய நீராலேயே நிரப்ப வேண்டும். இரவில் நீளும் கொட்டுவிரல்கள் அயலவரைச் சுடாதிருக்க ஒரு சாண் இடைவெளி நன்று. நிறம் ஒளிக்கேற்ப மாறுவதால் நிறத்தைக் கொண்டு பெயர் சூட்டுவதும் பிழை.

வளர்க்க மனமில்லாதவர் அதைக் கடலில் விடலாமோ? கூடாது. நம் இந்துமாகடலுக்கும் பசிபிக் மாகடலுக்கும் உரிய சூரியப் பவளம் 1940களில் கரிபியன் கடலில் காணப்பட்டது. 1980களில் பிரேசிலின் எண்ணெய் மேடைகளில் ஒட்டியிருந்தது. இன்று அந்நாட்டுப் பாறைகளில் பரவி, அங்குப் பிறந்த உயிர்களை நெருக்குகிறது. நல்ல உயிரும் இடம் மாறினால் அல்லலாகலாம்.

இவை ஒருபுறம் இருக்க, அந்தக் கல் எந்தக் கடலில் உடைக்கப்பட்டது? நண்பர் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. இந்நாட்டில் கற்பவளங்கள் சட்டத்தால் காக்கப்படுபவை. தென்கரையில் முருகைக்கல்லை வெட்டிச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கிய தொழில் கரையையே அரித்தது. 1998இன் கடல்வெப்பம் எஞ்சியவற்றுள்ளும் பெரும்பகுதியை வெளுக்கச் செய்தது. கல்லோடு ஓர் உயிர் வந்தது என்றால், அந்தக் கல் ஒரு வீடாக இருந்தது என்பதே பொருள். இனி அவ்வாறு கல் வாங்குவதில்லை என்று நண்பர் உறுதி பூண்டார். இந்த உறுதியே வளர்ப்போர் யாவருக்கும் முதற் கடமை என்பது என் துணிபு.

‘அழையாமல் வந்தவை’ என்ற சொல் என் செவியில் வேறொரு விதமாகவும் ஒலித்தது. தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களையே அழையாதவர்கள் என்று பேசிய காலம் ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பலரை நாடற்றவராக்கியது. 2003இல் இயற்றிய சட்டத்துக்குப் பின்னரே எஞ்சியிருந்தோரின் குறை தீர வழி பிறந்தது. மனிதரைத் தொட்டியின் உயிரோடு ஒப்பிடுவது முறையன்று. மனிதரின் உரிமை ஆராய்ந்து பார்த்து அளிக்கும் கொடையுமன்று. ஆயினும், பாராமலே பெயர் சூட்டும் அவசரம் ஈரிடத்தும் ஒன்றே.

நம் பள்ளிகளில் பெயர்களைக் கற்பிக்கிறோம், பார்ப்பதைக் கற்பிப்பதில்லை. நண்பரின் மாணவர் சிலர் இப்போது மாலை வேளைகளில் வந்து, கண்ணாடி வழியே நோக்கி, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதிச் செல்கின்றனர். பச்சைப் புள்ளி இன்று ஐந்து கிண்ணங்களாகியிருக்கிறது. முதல் நாள் குறிப்பில் ஒரு சிறுவன், ‘ஒரு புள்ளி, என்னவென்று தெரியவில்லை, நாளையும் பார்க்க வேண்டும்’ என்று எழுதியிருக்கிறான். அறிவு தொடங்கும் இடம் அதுவே.