யாவராட்டில் மஞ்சள் கொடி

பேங்காக் போகும் குடும்பங்கள் பல, சைவம் சாப்பிடும் அம்மாவுக்கு மட்டும் விடுதி அறையிலேயே ரொட்டியும் வாழைப்பழமும் என்று முடிவு கட்டிவிடுகின்றன. பாவம், அம்மாவும் ஊர் பார்க்கத்தானே வந்திருக்கிறார்!

இருட்டியதும் எம்ஆர்டியில் வாட் மங்கோன் நிலையத்தில் இறங்குங்கள். சற்று நடந்தால் யாவராட், பேங்காக்கின் சைனா டவுன். சாலை ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர்தான். சாப்பிட்டுக்கொண்டே நடந்தால் இரவு போதாது. சிப்பி போட்ட முட்டை வறுவல், மிளகு மணக்கும் குவாய் ஜாப் (பன்றி இறைச்சி சேர்ந்தது, கவனம்), வறுத்த கஷ்கொட்டை, மாதுளைச் சாறு.

அம்மாவுக்குச் சிக்கல் இறைச்சியால் வருவதில்லை. அதைக் கண்ணால் பார்த்தே ஒதுக்கிவிடலாம். வெறும் கீரைப் பிரட்டலிலும் விழும் 'நாம் பிளா' என்ற மீன் சாறுதான் வில்லன். "வெஜிடேரியன்" என்று சொன்னாலும் அது விழலாம். "கின் ஜே" என்று சொல்லுங்கள். ஜே உணவில் இறைச்சி, மீன், முட்டை, பால் கிடையாது. வெங்காயம், பூண்டுகூடச் சேராது. நம் விரதச் சமையலுக்கு ரொம்பப் பக்கம். மஞ்சள் கொடியில் சிவப்புத் தாய் எழுத்து தெரிந்தால் அது ஜே கடை. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதச் சைவத் திருவிழாவில், ஒன்பது நாளும் தெருவெங்கும் இந்தக் கொடிதான்.

பிள்ளைகளுக்குக் காரம் வேண்டாமென்றால் "மாய் பெட்". திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள்; சாலையோரக் கடைகள் பலவும் அன்று விடுமுறை.