‘மேன்’ என்றால் யார்?

‘மேன்’ என்னும் ஆங்கிலச் சொல் மனித இனம் முழுவதையும் குறிக்கும். அதில் பெண் விடுபட்டிருக்கிறாள் என்று குறைபடுவது மொழியறியாமை என இலக்கண அன்பர்கள் சிலர் அவ்வப்போது நமக்குப் பாடம் நடத்துகிறார்கள். அவர்கள் காட்டும் சான்று பழைய ஆங்கிலம். அதில் ‘மன்’ இருபாலருக்கும் பொது. ஆணுக்கு ‘வெர்’, பெண்ணுக்கு ‘வீஃப்’ என்று தனிச்சொற்கள் இருந்தன. ‘வீஃப்மன்’ திரிந்துதான் ‘வுமன்’ ஆயிற்று. (‘வெர்’ இன்று ‘வேர்வுல்ஃப்’ என்னும் ஓநாய் மனிதனுக்குள் பதுங்கியிருக்கிறது.) எல்லாம் உண்மையே. ஆயினும் ஒரு சொல் பிறந்த கதையைக் கொண்டு அது வளர்ந்தபின் செய்த காரியங்களை மறைக்க முடியுமா?

1850-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வேறுவிதமாக வெளிப்படையாகச் சொல்லப்பட்டாலன்றி, சட்டங்களில் வரும் ஆண்பாற் சொற்கள் பெண்ணையும் குறிக்கும் என்றது அது. நம் அன்பர்களின் கொள்கையே சட்டமாகிவிட்டது என்று கொள்ளலாம். 1867-இல் வாக்குரிமையை விரிவாக்கும் மசோதா வந்தது. அதில் இருந்த சொல் ‘மேன்’. அதை எடுத்துவிட்டுப் ‘பர்சன்’ என்று போடுங்கள் என்றார் ஜான் ஸ்டுவர்ட் மில். 73 பேர் ஆதரித்தனர். 196 பேர் எதிர்த்தனர். இரண்டும் ஒரே பொருள் என்றால் அந்த 196 பேரும் எதற்கு அஞ்சினார்கள்? மறுஆண்டு மான்செஸ்டர் பெண்கள் 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் ஏறினர். வாக்குரிமை விஷயத்தில் ‘மேன்’ பெண்ணைக் குறிக்காது என்று தீர்ப்பாயிற்று. வீட்டு வரி கட்டும்போது மட்டும் அவர்களை எவரும் விலக்கவில்லை.

‘அது நீதிபதிகளின் குற்றம், சொல்லின் குற்றமன்று’ என்பார்கள். இருக்கட்டும். மில் நம்பிய ‘பர்சன்’ இந்தியாவில் என்ன பாடுபட்டது என்றும் பார்த்துவிடலாம். 1916-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் ரெஜினா குஹாவும், 1921-இல் பாட்னாவில் சுதாம்சுபாலா ஹஸ்ராவும் வழக்குத் தொழில் செய்ய அனுமதி கேட்டார்கள். சட்டத்தில் இருந்த பொதுச்சொல் பெண்ணைக் குறிக்காது என்று இருவரும் திருப்பி அனுப்பப்பட்டனர். பெண் என்பதற்காக எவரையும் விலக்கலாகாது என்று 1923-இல் தனிச்சட்டம் வந்த பின்னரே கதவு திறந்தது. அதாவது, பெண் என்ற சொல்லையே எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. பொதுச்சொல்லின் பெருந்தன்மை இவ்வளவுதான்.

இந்த வரலாறு ஹன்சா மேத்தாவுக்கு மறந்திருக்காது என்றே எண்ணுகிறேன். ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தின் வரைவில் முதல் பிரிவு ‘ஆல் மென்’ என்று தொடங்கியது. ‘மென்’ என்பதில் பெண்களும் அடக்கம் என்பதே எலினோர் ரூஸ்வெல்ட்டின் எண்ணம். இந்தியப் பிரதிநிதியான மேத்தா அதை ஏற்கவில்லை. சில நாடுகள் அச்சொல்லைக் காட்டியே பெண்களை விலக்கிவிடக்கூடும் என்றார். 1948-இல் பிரகடனம் நிறைவேறியபோது அங்கே ‘ஹியூமன் பீயிங்ஸ்’ என்றிருந்தது. ‘மேன்’ என்று கண்ட இடமெல்லாம் இன்றும் ‘மனிதன்’ என்றே பெயர்க்கும் நம் மொழிபெயர்ப்பாளர்கள், ‘மனிதர்’ என்றொரு சொல் தமிழிலேயே கிடப்பதை எப்போது கவனிப்பார்களோ தெரியவில்லை.