பச்சை மேசையைச் சுற்றி

அதிகாரத்தைப் பற்றிய நடனம் என்றாலே பலர் சாட்டையையும் சங்கிலியையும் மேடைக்குக் கொண்டு வந்துவிடுகிறார்கள். ஜெர்மானியர் கூர்ட் யோஸ் 1932-இல் பாரிஸில் அரங்கேற்றிய ‘பச்சை மேசை’ வேறு இடத்தில் தொடங்குகிறது. முகமூடி அணிந்த கறுப்புக் கோட்டுக் கனவான்கள் பத்துப் பேர் ஒரு மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். குனிந்து வணங்குகிறார்கள், விரல் நீட்டி வாதிடுகிறார்கள், மறுபடி குழைகிறார்கள். இரண்டு பியானோக்கள் அந்த மரியாதைக்கு ஏற்றபடி துள்ளுகின்றன. பிறகு துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறார்கள், போர் வந்துவிடுகிறது. சிப்பாய், வயதான தாய், இளம்பெண் என்று ஒவ்வொருவராக மரணத்தின் கைக்குப் போகிறார்கள். மரணமாக ஆடியவர் யோஸேதான். கடைசியில் அதே மேசை, அதே கனவான்கள், மேலே ஒரு கீறல்கூட இல்லை. அடிபடும் உடலைக் காட்டி நம்மை அழவைப்பது எளிது. முடிவெடுப்பவரின் மணிக்கட்டு எப்படி வளைகிறது என்று காட்டத்தான் பெரிய கலைஞன் வேண்டும். அதனால்தான் இந்தப் படைப்பை மற்ற அரசியல் நடனங்களுக்கு மேலே வைக்கிறேன். மறு வருடமே, இதற்கு இசையமைத்த ஃபிரிட்ஸ் கோஹன் உள்ளிட்ட யூதர்களைக் குழுவிலிருந்து நீக்கச் சொன்னார்கள் நாஜிகள். யோஸ் மறுத்தார், குழுவோடு நாட்டைவிட்டே வெளியேறினார்.